முறைத்தண்ணீர்

நூற்று எண்பத்துநாலு குப்பிகள்,
கட்டைவிரல் உயரம்.
மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து முடிந்ததும்
ஆலயத்துக்குப் பின்னால் பம்படியில்
அவற்றைக் கழுவிக் கவிழ்ப்பது என் வேலை.

கொரோனா வருஷத்தில் வந்தவை.
எச்சில் பரவும் என்றார்கள், சரி என்றோம்.
கொரோனா போயிற்று. குப்பிகள் போகவில்லை.
அதற்கு முன்னாலும் சிலருக்கு
வேறொரு எச்சில் பயம் இருந்தது;
அதற்கு யாரும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் சபையிலும் தலைமடை உண்டு, கடைமடை உண்டு.
யாரும் எழுதி ஒட்டவில்லை.
மின்விசிறிக்குக் கீழே ஆறு பெஞ்சு பெரிய தெருவுக்கு.
நடுவில் வாத்தியார் வீடுகள், எங்களுடையதும்.
தூணுக்குப் பின்னால் வெட்டாற்றங்கரைத் தெரு.
வாசலை ஒட்டிய பாயில்
அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ஜார்க்கண்டுக்காரர்கள்.
ஐக்கிய விருந்து என்று வருஷத்துக்கு ஒரு பிரியாணி.
அதிலும் பந்தி தெரு தெருவாக உட்காரும்.

ஒருநாள் பாமாலை தொடங்கியதும்
சிலாஸ் டோப்போ அதே ராகத்தைத்
தன் பாஷையில் பிடித்துக்கொண்டு
எங்களைவிட அரை அடி முன்னால் போனான்.
ஆர்மோனியத்திலிருந்து சற்குணராஜ் திரும்பிப் பார்த்தார்.
அவ்வளவுதான். ஒன்றும் மாறவில்லை.

போன ஆவணியில் ஆலைக்கு
இன்னொரு லாரி ஆட்கள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள்.
ரசம் ஊற்றுமுன் எண்ணினேன்:
இருபத்துமூன்று குப்பி குறைவு.
போதகர் தேவகடாட்சத்திடம் ஜாடை காட்டினேன்.
அவர் பீரோவைத் திறந்து
பழைய வெள்ளிப் பாத்திரத்தை எடுத்தார்.
பீடத்தில் வைத்தபோது அது டங்கென்றது.
சபை முழுக்க அதைக் கேட்டது.

யாருக்கு முதலில்?
பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றார்,
அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.
ஆறாவது பெஞ்சிலிருந்து மாசிலாமணி,
மடைத் தகராறில் இரண்டு கேஸ் நடத்துகிறவர்,
நெல்லுக்கு விலை பேசும் குரலில் சொன்னார்:
"தண்ணி பத்தாத வருஷம் கடைமடைக்குத்தானய்யா முதல்ல விடணும்.
மேலேருந்து விட்டா கீழ போய்ச் சேராது."

கோபமா, விசுவாசமா, இன்றுவரை தெரியாது.
அவர் வயல் கடைமடையில் என்பது மட்டும் தெரியும்.

பாத்திரம் வாசலுக்குப் போயிற்று.
சிலாஸ் குடித்தான். அவன் மனைவி சுஷ்மா குடித்தாள்.
தவிடு படிந்த மீசைகள் குடித்தன.
வெட்டாற்றங்கரையில் பாக்கியசீலி
விளிம்பில் வாய் வைத்து நெடுநேரம் எடுக்கவில்லை;
போதகர் மெல்ல இழுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.
தூணைத் தாண்டி வந்தபோது
மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

என்னிடம் வந்தது. விளிம்பு ஈரமாயிருந்தது.
யாருடைய ஈரம் என்று மனசு கேட்டது.
கேட்டதை மறைக்கமாட்டேன்.
பிறகுதான் குடித்தேன்.

எல்லாரும் குடித்தார்கள் என்று முடித்தால் அழகாயிருக்கும்.
இரண்டாவது பெஞ்சு எழுந்து செருப்புத் தேடியது.
நான்காவதில் ஒருவர் வாயை இறுக்கிக்கொண்டு
பாத்திரத்தைத் தொட்டுக் கண்ணில் மட்டும் ஒற்றிக்கொண்டார்.
மாசிலாமணி குடித்து முகம் சுளித்தார்;
திராட்சரசம் அவருக்கு எப்போதுமே புளிப்பு.

பேராயருக்கு மனு போயிருக்கிறது.
பதினேழு கையெழுத்து.
சுகாதாரம் என்ற சொல் மூன்று இடத்தில்.
என் வீட்டுக்காரர் கையெழுத்தும் உண்டு.
அன்றிரவு சோறு போட்டேன், பேசவில்லை.

அந்த ஞாயிறு கழுவ ஒரே ஒரு பாத்திரம்.
வேலை சட்டென்று தீர்ந்து கை சும்மாயிருந்தது.
சுஷ்மா வந்தாள், கேட்காமலே பம்பை அடித்தாள்,
தேவைக்கு மேலேயே அடித்தாள்.
தண்ணீர் நிரம்பி, வழிந்து,
தென்னையடி வாய்க்காலைத் தேடிப் புறப்பட்டது.
பாதி வழியில் காய்ந்த மண்ணில் நின்றுவிட்டது.

அவள் அதைப் பார்த்தாள்.
இன்னொரு முறை அடித்தாள்.